வாசலில் ஒரு வளையம்

(ரொறன்ரோவில் நடைபெற்ற பழைய மாணவிகள் சங்க மார்கழி ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நத்தார் வளையம் ஒன்றைக் கையால் பின்னுவது எப்படி என்று சொல்லித்தரும்படி செயலாளர் கேட்டார். 20 நிமிடம் தந்திருக்கிறார். அதில் சில நிமிடங்களை ஒரு கதைக்கு எடுத்துக்கொள்ளப் போகிறேன். கோபிக்க வேண்டாம். கதையைச் சொல்லாவிட்டால், என் வளையத்தில் ஏன் மாவிலை இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள்.

1998 மார்கழியில் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தா. விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்தோம். காரை விட்டு இறங்கியவ பனிக்குள் அப்படியே நின்றுவிட்டா. கால் எடுத்து வைக்கவில்லை.

"ஆற்றை செத்தவீடு பிள்ளை?"

முன்கதவில் வளையம் தொங்கியது. பக்கத்து வீட்டு ஜெர்மன் அம்மையார் தேவதாருக் கிளையில் கட்டி, சிவப்பு நாடாவும் வைத்துத் தந்தது. எனக்கு அது ஒரு நத்தார் அலங்காரம். அம்மாவுக்கு வளையம் என்றால் மலர்வளையம். அதன் இடம் பெட்டிக்கு மேல். நாங்கள் படித்தது மிஷன் பாடசாலைதான். ஆனால் எங்கள் கிறிஸ்தவச் சிநேகிதிகளின் வீடுகளில் நான் கண்டது சவுக்கங்கிளையும் கடதாசி நட்சத்திரமும். கதவில் வளையம் கண்ட ஞாபகம் இல்லை. அம்மாவுக்கும் அப்படித்தான். அவவும் எங்கள் பாடசாலைதான், என்னிலும் 26 வருடம் மூத்த மாணவி.

வேறொரு காரணமும் இருந்தது. 1995 ஐப்பசியில் வலிகாமமே எழும்பி நடந்ததே, அந்த இடப்பெயர்வுக்குப் பிறகு அடுத்த வருடம், இன்னொருவர் வீட்டு விறாந்தையில் அப்பா காலமானார். வளையம் வைக்க அங்கே ஆளும் இல்லை, பூவும் இல்லை. எனக்குக் கடிதம் வந்து சேர ஐந்து கிழமை ஆனது. அப்பாவுக்கு வைக்காத வளையத்தை மகள் வீட்டு வாசலில் கண்டால் அவ என்ன செய்வா? அன்றிரவே கழற்றிக் கராஜுக்குள் வைத்தேன்.

அடுத்த நாள் என் மகள் அழத் தொடங்கினாள். வயது ஏழு. தெருவில் எல்லா வீட்டிலும் இருக்கிறது, எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. அம்மம்மாவோடு கதைக்கமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். இரண்டு பேருக்கும் நடுவில் நான். மூன்றாம் நாள் அம்மா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னா: "மாவிலை எண்டால் நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

மார்கழியில் ரொறன்ரோவில் மாவிலைக்கு எங்கே போவது? வூல் இருந்தது. ஊசி இருந்தது.

இனி வேலைக்கு வருவோம்.

வளையத்துக்கு அடிச்சட்டம் வேண்டும். கடைகளில் றிஜிபோம் வளையம் கிடைக்கும். வெளி விட்டம் 30 செ.மீ., தடிப்பு 5 செ.மீ. உள்ளதை எடுங்கள். ஊரில் இருப்பவர்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. குசினியில் பானை இருத்துகிற திருகணையை வைக்கோலில் கொஞ்சம் பெரிதாகத் திரித்தால் அதுவே சட்டம். அம்மா முதலில் கேட்டதும் அதைத்தான்.

சட்டத்துக்கு உறை பின்ன வேண்டும். டபிள் நிட்டிங் வூல், 4 மி.மீ. ஊசி, 32 கண்ணி. எல்லா வரியும் பிளேன். ஒரு பிளேன், ஒரு பேர்ல் என்று பின்ன ஆசைப்படாதீர்கள். காரணம் உண்டு. இந்த வளையத்தின் வெளிச் சுற்றளவு ஏறக்குறைய 94 செ.மீ., உட்சுற்று 63 செ.மீ. தான். ஒரே பட்டி வெளியே நீளவும் வேண்டும், உள்ளே சுருங்கவும் வேண்டும். பிளேன் வரி மட்டும் பின்னிய துணி நீளவாக்கில் நன்றாக இழுபடும். 75 செ.மீ. வந்ததும் கண்ணியை மூடி, இரண்டு முனையையும் பொருத்தி, சட்டத்தில் சுற்றி, உட்பக்கமாகத் தையுங்கள். அகலம் சற்றுக் குறைவாகத் தோன்றும். அது சரி, இழுத்துத் தைத்தால்தான் சுருக்கம் விழாது. 100 கிராம் உருண்டை ஒன்று போதும்.

உறை பின்னுவது சலிப்பான வேலை. ரீவி பார்த்துக்கொண்டு பின்னலாம். இலைக்கு ரீவியை நிற்பாட்டிவிடுங்கள்.

மூன்று கண்ணி ஏற்றுங்கள். நடுக் கண்ணிதான் இலையின் நரம்பு. பிளேன் வரியில் அந்த நடுக் கண்ணிக்கு இரண்டு பக்கமும் நூலை ஒருமுறை ஊசியில் சுற்றி எடுத்தால் மூன்று ஐந்தாகும். திரும்பி வரும்போது பேர்ல். அடுத்த பிளேனில் ஏழு, அதற்கடுத்ததில் ஒன்பது. இங்கே கூட்டுவதை நிறுத்த வேண்டும். பின்னல் புத்தகங்களில் வரும் இலை இந்த இடத்திலேயே குறையத் தொடங்கும். அது குட்டையான இலை. மாவிலை நீளம். ஆகவே ஒன்பது கண்ணியில் 12 வரி நேராகப் பின்னுங்கள். பிறகு ஒவ்வொரு பிளேன் வரியிலும் இரண்டு ஓரத்திலும் இரண்டு கண்ணியை ஒன்றாக்கி ஏழு, ஐந்து, மூன்று, கடைசியில் ஒன்று. நூலை வெட்டி அதற்குள்ளால் இழுத்துவிடுங்கள். 9 செ.மீ. நீளத்தில் ஒரு இலை.

நான் பின்னிய முதல் இலையை அம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. நரம்புக்குப் பக்கத்தில் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. நூலைச் சுற்றிக் கூட்டினால் அப்படித்தான் ஓட்டை விழும். "இதென்ன, பூச்சி அரிச்ச இலையோ? அவிழ்." எங்கள் தையல் ரீச்சரின் அதே குரல்! மூன்று தரம் அவிழ்த்தேன். வழி இதுதான்: சுற்றி எடுத்த நூலைத் திரும்பி வரும் வரியில் பின்பக்கத்தால் முறுக்கிப் பின்னினால் ஓட்டை அடைபடும்.

ஓரங்கள் பின்னோக்கிச் சுருளும். சுவெற்றரில் அது குற்றம், இங்கே அழகு. மட்டமாக்குகிறேன் என்று ஸ்திரிக்கைப் பெட்டியைக் கொண்டுவராதீர்கள். அக்றிலிக் வூலில் சூட்டாவி பட்டால் துவண்டுபோகும், பிறகு நிமிராது.

நிறம்தான் எங்களுக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது. மகளுக்குச் சிவப்பு வேண்டும். சிவப்பில்லாமல் நத்தார் இல்லையாம். அம்மா, மாவிலையில் ஏது சிவப்பு என்று கேட்டுவிட்டுத் தானே நிறுத்திக்கொண்டா. மாந்தளிர்! கிணற்றடி மாமரம் துளிர்க்கும்போது பார்த்திருப்பீர்கள், செம்பும் சிவப்பும் கலந்த அந்த நிறம். கடையில் ஒரு மணித்தியாலம் நின்று அதற்குக் கிட்டிய வூலைத் தெரிவுசெய்தா. கரும்பச்சையில் 28 இலை, தளிர் நிறத்தில் 12. எல்லா நுனியும் ஒரே திசையைப் பார்க்க, ஓட்டுவீட்டுக்கு ஓடு அடுக்குவதுபோல ஒன்றின் அடியை மற்றது மறைக்க வைத்து, அடிப்பக்கத்தை மட்டும் தையுங்கள். நுனி சும்மா இருக்கட்டும்.

40 இலையில் 17 அம்மா பின்னியது. அவவின் இலைகளை இப்போதும் அடையாளம் காணலாம். குறைக்கும்போது ஒரு ஓரத்தில் கண்ணிகளைப் பின்பக்கத்தால் ஒன்றாக்க வேண்டும், அப்போதுதான் இரண்டு பக்கமும் ஒத்துவரும். அம்மா இரண்டு ஓரத்தையும் ஒரே மாதிரிக் குறைப்பா. இலை ஒரு பக்கம் சரியும். சொன்னால், "நேரான மாவிலையை நீ எந்த மரத்தில கண்டனி?" என்பா.

தொங்கவிட்ட அன்று ஜெர்மன் அம்மையார் வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தன் ஊர் வளையம் கதவில் அல்ல, மேசையில் இருப்பது என்றார். நான்கு மெழுகுதிரி வைத்து ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றுவார்களாம். அதன் வரலாற்றைப் பிறகு படித்தேன். 1839 இல் ஹம்பேர்க் நகரில், ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோகான் ஹின்றிக் விக்கேர்ன் என்ற போதகர், நத்தார் எப்போது என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு பழைய வண்டிச் சில்லில் 20 சின்னச் சிவப்பு மெழுகுதிரிகளும் 4 பெரிய வெள்ளை மெழுகுதிரிகளும் வைத்தாராம். அம்மாவுக்குச் சொன்னேன். "சில்லோ? அப்ப அது செத்தவீட்டுச் சாமான் இல்லை," என்று மட்டும் சொன்னா.

2011 இல் அம்மா காலமானா. அந்த மார்கழியில் ஆண்டுத் திவசம் முடியவில்லை. தோரணம் கட்டக்கூடாத வருடம் என்று நினைத்துப் பெட்டியைத் திறக்காமலே விட்டேன். வளர்ந்துவிட்ட மகள் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மையார்தான் வெறும் கதவைக் கண்டுவிட்டு, சூப் சட்டியோடு வந்து நின்றார்.

பின்மேசையில் வூலும் 4 மி.மீ. ஊசிகளும் இருக்கின்றன. கண்ணி ஏற்ற மறந்தவர்கள் வெட்கப்படாமல் முன்வரிசை அக்காமாரைக் கேளுங்கள், அவர்களுக்கு மறக்காது. இன்றைக்கு ஆளுக்கு ஒரு இலை. கதிரைகளை வட்டமாக இழுத்துப் போடுவோமா?