சுதந்திரர் படிப்பும் வட்டிக் கணக்கும்
(வாலிபர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



அமெரிக்காவிலே லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ் என்று ஒருவகைக் கலாசாலைகள் இருக்கின்றன. பெரும்பாலும் சிறிய கலாசாலைகள். வில்லியம்ஸ் என்பது 1793லும், ஆம்ஹெர்ஸ்ட் 1821லும், கிரின்னெல் 1846லும் ஏற்பட்டவை. சரித்திரம், தத்துவம், கணிதம், இலக்கியம் ஆகிய எல்லாவற்றுக்கும் அங்கே பட்டம் உண்டு. ஆனால் பைனான்ஸ் என்கிற படிப்புக்கு, அதாவது கடன் வாங்குவது, கொடுப்பது, முதல் போடுவது, பங்குக்கும் பத்திரத்துக்கும் விலை மதிப்பது ஆகிய கணக்குக்கு, இந்த மூன்றிலும் தனிப் பட்டம் கிடையாது. பொருளாதாரம் படி, அதிலே இரண்டொரு பாடமாக வரும் என்பார்கள். வாஷிங்டன் அண்டு லீ போல வியாபார நிர்வாகத்துக்கும் கணக்குப் பதிவுக்கும் பட்டம் கொடுக்கிறவையும் சில உண்டுதான்.

இதற்கு என்ன காரணமென்று விசாரித்தால், அது தொழிற் படிப்பாம், அறிவுப் படிப்பல்லவாம்! லிபரல் என்ற சொல்லே "சுதந்திரனுக்குரியது" என்ற அர்த்தமுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அடிமை வேலை செய்வான், சுதந்திரன் கல்வி கற்பான் என்பது பழைய ரோமாபுரி ஏற்பாடு. செனெக்கா என்ற தத்துவ ஞானி, பணம் சம்பாதிப்பதில் முடிகிற வித்தை எதையும் உயர்ந்த கல்வியாக மதிக்க முடியாது என்று எழுதினார். ஆனால் அவரோ மகா பணக்காரர். பிரிட்டன் தேசத்தாருக்குப் பெருந்தொகையைக் கடனாகக் கொடுத்துவிட்டு, ஒரே சமயத்தில் திருப்பிக் கேட்டு நெருக்கினார் என்று டியோ என்கிற சரித்திரக்காரர் எழுதி வைத்திருக்கிறார். ஊருக்குத்தானே உபதேசம்!

கலாசாலைகளின் சங்கதியும் இதுதான். கிரின்னெல் கலாசாலை 1968இல் இன்டெல் கம்பெனி ஆரம்பமானபோதே அதில் முதல் போட்டது. 1976இல் ஒரு டெலிவிஷன் நிலையத்தையே சுமார் 1 கோடியே 29 லட்சம் டாலருக்கு வாங்கி, பிறகு பெருத்த லாபத்துக்கு விற்றது. யோசனை சொன்ன தர்மகர்த்தா யார் தெரியுமா? வாரன் பஃபெட்! இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, கெட்டிக்காரத்தனம்தான். நிர்வாகிகளுக்கு அவசியமான வித்தை மாணவனுக்கு மட்டும் எப்படி அவசியமில்லாமற் போகும் என்றுதான் கேட்கிறேன்.

நிற்க. அந்த மாணவன் நிலைமையைப் பாருங்கள். கடனுக்குப் பதில் உதவித்தொகையே கொடுக்கிற பணக்காரக் கலாசாலைகள் சில இருக்கின்றன. மற்றவற்றில் சேருகிறவன் 18 வயதில் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறான். 30,000 டாலர் கடன், வருஷத்துக்கு நூற்றுக்கு 6 வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 வருஷத் தவணையானால் மாதம் சுமார் 333 டாலர். மொத்தம் கட்டுவது சுமார் 39,970. "ஐயோ பாவம், சம்பளம் குறைவு, 20 வருஷமாக நீட்டித் தருகிறோம்" என்கிறான் கடன்காரன். மாதம் 215 டாலர்தான் என்றதும் பையன் கும்பிடு போட்டு வாங்கிக்கொள்கிறான். மொத்தம் எவ்வளவு? சுமார் 51,580! தவணை இறங்கியது, வட்டி 10,000 டாலரிலிருந்து 21,500க்கு மேல் ஏறிவிட்டது. மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துத் தப்பலாமென்றால் அதுவும் சுலபமல்ல. 1976இல் செய்த சட்டம் சர்க்கார் உத்தரவாதமுள்ள படிப்புக் கடனுக்கு முதல் 5 வருஷம் அந்த வழியை அடைத்தது. 1998இல் அந்தக் கெடுவையும் எடுத்துவிட்டார்கள். அளவு கடந்த கஷ்டமென்று கோர்ட்டில் ருசுப்படுத்தினாலொழிய விடுதலையில்லை. பிளேட்டோவைப் படித்துவிட்டு இந்தப் பத்திரத்தைப் படிக்கத் தெரியாதவன் எந்த அர்த்தத்தில் சுதந்திரன்?

அப்படியானால் சரித்திரத்தையும் தத்துவத்தையும் தூக்கியெறிந்துவிட்டுப் பணக் கணக்கை மட்டும் படிக்கலாமா என்று ஒரு தோழர் கேட்கலாம். கூடாது. அந்த வட்டாரத்தில் இருக்கிற மூட நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல. ஆல்பிரட் கௌல்ஸ் என்பவர் 1933இல் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார். பங்கு எது ஏறும், எது இறங்கும் என்று பணம் வாங்கிக்கொண்டு சொல்லுகிற 16 ஸ்தாபனங்களின் சுமார் 7,500 யோசனைகளை எடுத்துக் கணக்குப் பார்த்தார். சராசரிப் பங்கு கொடுத்த பலனைவிட அவை குறைவாகவே கொடுத்தன. நம்முடைய ஜோசியனாவது நாலணாவோடு விட்டுவிடுவான்!

கணிதம் தெரிந்துவிட்டால் போதுமென்பதும் பொய். ராபர்ட் மெர்ட்டன், மைரன் ஷோல்ஸ் என்ற இரு பேராசிரியர்கள் 1997இல் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்றார்கள். அவர்கள் கூட்டாளிகளாயிருந்த லாங்-டெர்ம் காபிடல் மேனேஜ்மெண்ட் என்ற நிறுவனம் மறுவருஷமே கவிழ்ந்தது. ருஷ்ய சர்க்கார் கடனை நிறுத்தியதும், சூத்திரத்தில் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமலிருந்த சந்தைகளெல்லாம் ஒன்றாய் விழுந்தன. பெரிய பாங்கிகள் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட்டுத் தாங்க வேண்டியதாயிற்று. அரசாங்கங்கள் கடன் கொடுக்காமல் கைவிரித்த கதை சரித்திரத்தில் எத்தனையோ உண்டு. அந்தச் சரித்திரம் அடுத்த வகுப்பறையில்தான் போதிக்கப்படுகிறது.

ஆதலால் அப்படிப்பட்ட கலாசாலையில் பைனான்ஸ் படிக்க விரும்புகிற பையனுக்கும் பெண்ணுக்கும் நான் சொல்வது, பட்டத்தின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள் என்பதே. பொருளாதாரத்தோடு கணக்குப் பதிவு, புள்ளிவிவரக் கணிதம், கடன் நெருக்கடிகளின் சரித்திரம் ஆகியவற்றைக் கேட்டுப் படியுங்கள். ஐந்தொகை வாசிக்கப் பழகுவதற்கு உங்கள் கலாசாலையின் ஐந்தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வார்த்மோர் கலாசாலை மாணவர்கள் 2011இல் தங்கள் கலாசாலை நிதி நிலக்கரி, எண்ணெய்க் கம்பெனிகளில் போடப்பட்டிருப்பதைக் கிளப்பி, அதை வாபஸ் வாங்கச் சொன்னார்கள். நிர்வாகம் 2013இலும் 2015இலும் மாட்டோமென்றது. மாட்டோமென்பதற்கும் அது லாப நஷ்டக் கணக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.