கூத்துப் படப்பதிவை எங்கே வைப்பது?

(சாலவாக்கத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



உத்திரமேரூர் வட்டாரத்தில் வாழும் நமக்குப் பாரதக் கூத்து புதிதன்று. திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடைபெறுவதை நம் முன்னோர் கண்டு மகிழ்ந்தனர், நாமும் காண்கிறோம். மரக்கட்டையாலான அணிகளைப் பூண்டு ஆடுவதால் இதற்குக் கட்டைக்கூத்து என்றும் பெயருண்டு. இக்கலைஞர்களுக்கெனத் தமிழ்நாடு கட்டைக்கூத்துச் சங்கம் 1990-இல் காஞ்சிபுரத்தில் அமைந்தது. 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம், சிறுவர் சிறுமியர்க்குக் கல்வியோடு கூத்தையும் கற்பித்து வந்து, 2020-இல் மூடப்பட்டது. பயிலும் இடம் குறையுமாயின், பார்த்துப் பயில உதவும் நல்ல படப்பதிவின் மதிப்பு உயரும் அல்லவா?

இன்று கூத்துக் களத்தில் கைப்பேசி இல்லாத கை அரிது. பதிவு செய்வோர்க்குக் குறைவில்லை. பதிந்ததை எங்கே வைப்பது என்பதை ஆராய்வோரே குறைவு. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. அதில் மட்டுமே தம் ஆட்டத்தை வைத்திருந்தோர் நம் நாட்டில் தம்மைக் காண்போரை ஒரே நாளில் இழந்தனர். 2025 பிப்ரவரி 19 முதல் பேஸ்புக்கில் நேரலையாகக் காட்டும் காட்சிகள் முப்பது நாள் மட்டுமே அங்கு இருக்கும், பின்னர் நீக்கப்படும். திருவிழாவை நேரலையில் காட்டிவிட்டோம் என்று மனநிறைவு கொள்வோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆகவே, ஒரு தளத்தைத் தேர்ந்தெடுக்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்டல் நலம்.

முதலாவது, எவ்வளவு நீளம் ஏற்கும்? யூடியூபில் சாதாரணமாகப் பதினைந்து நிமிடம் வரையே ஏற்றலாம். தொலைபேசி எண்ணைக் கொடுத்துக் கணக்கை உறுதி செய்துகொண்டால் பன்னிரண்டு மணி நேரம் வரை ஏற்றலாம். விடிய விடிய நடக்கும் கூத்து முழுவதும் அதில் அடங்கும். விமியோ என்னும் தளம் தெளிவுக்குப் பெயர் பெற்றது, விளம்பரம் குறுக்கிடாது. ஆயினும், நீண்ட காட்சிகளை அங்கு வைக்கக் கட்டணம் செலுத்த வேண்டும்.

இரண்டாவது, தெளிவு குன்றாமல் காட்டுமா? எத்தளமும் நாம் கொடுத்ததைவிட நன்றாகக் காட்டாது. வாட்ஸ்அப்பில் வந்த காட்சி முன்னரே சுருக்கப்பட்டது; அதனை ஏற்றினால் முகத்தின் அரிதாரமும் மங்கும், முகவீணையின் ஒலியும் சிதையும். பதிவு செய்த கருவியிலிருந்தே நேராக ஏற்ற வேண்டும். நொடிக்கு 8 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு மணி நேரக் காட்சி 3.6 ஜிகாபைட் ஆகும். எட்டு மணி நேரக் கூத்து ஏறத்தாழ 29 ஜிகாபைட். கைப்பேசியில் நாள்தோறும் கிடைக்கும் அளவில் இஃது அடங்காது. நொடிக்கு 10 மெகாபிட் அனுப்பும் கம்பி வழி இணைப்பிலும் ஆறரை மணி நேரம் ஆகும். ஏற்றியவுடன் காட்சி மங்கலாகத் தெரிந்தால் அஞ்ச வேண்டா. தெளிவான வடிவம் சற்று நேரம் கழித்தே ஆயத்தமாகும்.

மூன்றாவது, கொடுத்ததைத் திருப்பித் தருமா? யூடியூப் நாம் கொடுத்த மூலப்பதிவை அதே தெளிவில் திரும்பத் தரும் என்று உறுதியாகக் கொள்ளலாகாது. 1996-இல் அமெரிக்காவில் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் பொது ஆவணக் காப்பகம், கட்டணமின்றி ஏற்று, மூலப்பதிவை அப்படியே இறக்கிக்கொள்ளவும் இடந்தருகிறது. எனவே, பலரும் காண யூடியூப், பாதுகாக்க அக்காப்பகம் என்று இரண்டையும் கொள்வதே தக்கது. மூலப்பதிவின் படிகளை இரண்டு ஹார்டு டிஸ்குகளில் எடுத்து, ஒன்றை ஊராட்சி அலுவலகத்திலும் மற்றொன்றைப் பள்ளியிலும் வைத்தல் வேண்டும்.

நான்காவதே தலையாயது: கலைஞர் இசைந்தாரா? நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் கலைஞருக்குத் தம் நிகழ்ச்சியின் மீது ஐம்பது ஆண்டுக் கால உரிமை தருகிறது. முழு இரவுக் கூத்தையும் இலவசமாக உலவ விட்டால் தம்மை அழைப்பவர் குறைவரோ என அவர் அஞ்சலாம். அவ்வச்சத்தை எளிதாக எண்ணிவிடலாகாது. அஃது அவர் வீட்டு அடுப்பைப் பற்றியது. முழுக்கூத்தையும் வெளியிடுவதா, அரைமணிப் பகுதியை மட்டும் வெளியிட்டு எஞ்சியதைக் காப்பில் வைப்பதா என்பதை ஜமாவே முடிவு செய்யட்டும். அதனை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். ஜமாவின் பெயர், வாத்தியார் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைக் காட்சியின் கீழ்த் தவறாது எழுதுங்கள். பார்த்தவர் அழைக்க வழி பிறக்கும்.

உத்திரமேரூரில் குடவோலை முறையைக் கூறும் கல்வெட்டு, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்டது. ஊரார் தம் முறையை நினைவில் மட்டும் வைத்திராமல் கோயிற் சுவரிலும் பொறித்தமையால் நாம் அதனை இன்றும் படிக்கிறோம். நம் கூத்துக்கும் அத்தகைய பாதுகாப்பு வேண்டும். இத்திருவிழாவுக்கு முன்பே கிராம சபையில் இதனை எடுத்துப் பேசி, கணக்கை ஒரு தனியாள் பெயரில் அன்றி ஊர்ப் பொதுவில் தொடங்கி, பொறுப்பாளர் இருவரை அமர்த்துமாறு கேட்டுக்கொண்டு, என் உரையை முடிக்கிறேன்.