நோவறியாத கால்

நாற்பத்தைந்தாம் வயதில் என்னை நீரிழிவு பற்றியது. நோவொன்றும் தோன்றாமையால், மருந்தை நினைத்தபோது உண்டேன், மறந்தபோது விட்டேன். பிறருக்கு ஒழுங்கு கற்பித்த தலைமையாசிரியன்தான் நான்!

ஓய்வு பெற்றபின் ஒருநாள் தோட்டத்திலிருந்து கூடத்துக்குள் வந்தேன். "தாத்தா, தரையெல்லாம் இரத்தம்!" என்றான் பேரன். உள்ளங்காலில் ஆணி தைத்திருந்தது, நான் உணரவில்லை.

மருத்துவர் என் கண்களை மூடச் சொல்லி, 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டார். தொட்டதே தெரியவில்லை. பல்லாண்டு குருதியில் மிகுந்திருந்த சர்க்கரை நரம்புகளை நலிவித்துவிட்டது. விழித்திரையும் சிறுநீரகமும் இவ்வாறே ஓசையின்றிக் கெடக்கூடும். குருதியோட்டம் குறைந்த காலில் புண் எளிதில் ஆறாது. இரு விரல்களை இழந்தேன்.

அதன்பின்னும், சோதனைக்கு முதல்நாள் மட்டும் உணவைக் குறைத்துப் பார்த்தேன். பலிக்கவில்லை. சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்பவை. அவற்றில் ஒட்டிய சர்க்கரை, முந்தைய இரண்டு மூன்று மாத நடப்பைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தேர்வுக்கு முதல்நாள் மட்டும் படிப்போருக்கு இது விளங்கும்.

உங்கள் இல்லத்தில் நீரிழிவுள்ள, குனிய இயலாத பெரியோர் இருப்பின், அவர்தம் பாதங்களை நீங்கள் பாருங்கள். எனக்கு இரவுதோறும் பேரன் விளக்கேந்திப் பார்க்கிறான். வீட்டினுள்ளும் செருப்பணியத்தான் இன்னும் மனம் கூசுகிறது, அணிகிறேன்.