ராஜினாமாக் கடிதத்தில் எழுதப்படாத காரணம்

(மருத்துவமனை ஊழியர் கருத்தரங்கு ஒன்றில் முன்னாள் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தில்லியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றினேன். இன்று அத்தொழிலில் இல்லை. ராஜினாமாக் கடிதத்தில் 'சொந்தக் காரணங்களால்' என்று எழுதிக் கொடுத்தேன். எனக்கு முன்னும் பின்னும் விலகியவர்களில் பெரும்பாலோர் எழுதியதும் அதே இரண்டு சொற்கள்தான். அந்த இரண்டு சொற்களுக்குள் மறைந்திருப்பதைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

'பர்ன் அவுட்' என்ற சொல் இப்போது பரவலாகப் புழங்குகிறது. பணியில் எரிந்து தீர்ந்துபோதல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்கப்பட்ட தனது சர்வதேச நோய் வகைப்பாட்டில் இதனை நோயாகச் சேர்க்கவில்லை. பணி சார்ந்த நிகழ்வு என்றே வரையறுத்தது. பணியிட அழுத்தம் தீர்க்கப்படாமல் நீடிக்கும்போது ஆற்றல் வற்றுகிறது, வேலையிலிருந்து மனம் விலகுகிறது, செய்வதில் பயனில்லை என்ற எண்ணம் படிகிறது. ஆகவே கோளாறைத் தேட வேண்டிய இடம் பணியிடம். நிர்வாகங்களோ அதைச் செவிலியரின் மனத்தில் தேடுகின்றன. யோகா வகுப்பு நடத்துகின்றன. யோகாவோடு எனக்குப் பகையில்லை. இரவுப் பணி முடித்தவர்களை உறங்கவிடாமல் அதற்கு அழைத்ததுதான் வேடிக்கை.

இந்திய செவிலியர் கவுன்சிலின் நெறிமுறைப்படி, பொது வார்டில் போதனா மருத்துவமனையாயின் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், ஏனையவற்றில் ஐந்து பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும். விடுப்பை ஈடுசெய்ய 30 சதவீதம் கூடுதலாக நியமிக்கப்பட வேண்டும். நான் இருந்த வார்டில் இரவில் பதினெட்டு பேருக்கு இருவர். ஒருவர் விடுப்பெடுத்தால் மற்றவர் தனியாள். கணக்கிட்டுப் பாருங்கள்: ரத்த அழுத்தம், நாடி, காய்ச்சல் பார்த்து, மருந்து கொடுத்து, குறிப்பேட்டில் எழுத ஒருவருக்குப் பத்து நிமிடம் என்றாலும் ஒரு சுற்றுக்கு மூன்று மணி நேரம். இதற்கிடையில் ஒருவர் தண்ணீர் கேட்பார். அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவில் அச்சத்தோடு விழித்திருக்கும் முதியவர், சற்று உட்காரும்படி கேட்பார். உட்கார நேரமிருக்காது.

வேலை கடினமானது என்பதற்காக எவரும் இத்தொழிலை விடுவதில்லை. கடினம் என்று தெரிந்தேதான் வருகிறோம். கற்றவாறு செய்ய விடப்படாமையே விரட்டுகிறது. முனகும் நோயாளியைத் திரும்பிப் பாராமல் கடந்து செல்லக் கால்கள் பழகிவிடுகின்றன. அப்படிப் பழகிய பிறகு பலருக்கும் சீருடையை அணியவே கை வருவதில்லை. வெளிநாடு செல்லும் செவிலியரைப் பற்றி நாளேடுகள் எழுதுகின்றன. அவர்கள் நாட்டை விட்டாலும் தொழிலை விடவில்லை. தொழிலையே துறந்து துணிக்கடையிலும் அழைப்பு மையத்திலும் அமர்ந்திருப்பவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

2020 மே 3 அன்று ராணுவ ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மீது மலர் தூவின. அதே மாதத்தில் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட செவிலியர்கள் விலகி, மணிப்பூருக்கும் திரிபுராவுக்கும் ஒடிசாவுக்கும் திரும்பினர். பாதுகாப்பின்மையும், குடும்பத்தாரின் அச்சமும், வடகிழக்குப் பெண்கள் அந்நகரில் சந்தித்த இனவெறியும் அவர்களை அனுப்பிவைத்தன. 'தேவதைகள்' என்று போற்றப்படுபவருக்குப் பசியும் உறக்கமும் இருக்கக் கூடாது போலும்.

ஒருவர் விலகினால் நிர்வாகத்துக்கு நட்டமில்லை. கல்லூரி முடித்த புதியவர் குறைந்த சம்பளத்தில் கிடைப்பார். வேலையற்றோரின் சேமப் பட்டாளம் வாயிலில் காத்திருக்கிறது. ஒன்பது ஆண்டு அனுபவத்தை இழப்பவர் படுக்கையில் கிடக்கும் நோயாளி.

ஊதியத்துக்காக நமது வர்க்கம் போராடியிருக்கிறது. 2016இல் உச்சநீதிமன்ற உத்தரவின்படி ஒன்றிய அரசு அமைத்த குழு, 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகளில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியமும், 50 படுக்கைகளுக்குக் குறைவானவற்றில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையாத ஊதியமும் பரிந்துரைத்தது. பரிந்துரை தானாக நடைமுறைக்கு வரவில்லை. கேரளத்தில் 2017 முதல் வேலைநிறுத்தங்கள் நடந்தன. 2018 ஏப்ரலில் சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நெடும்பயணம் புறப்படவிருந்த வேளையில்தான் 20,000 ரூபாய் அடிப்படை ஊதியத்துக்கான அரசு அறிவிக்கை வெளியானது.

ஆனால் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்ற கேள்வி நமது கோரிக்கைப் பட்டியல்களில் பெரும்பாலும் கடைசி வரியாகவே நிற்கிறது. 2020 ஜூனில் தில்லி எய்ம்ஸ் செவிலியர்கள், பாதுகாப்பு உடையில் செய்யும் பணியை நான்கு மணி நேரமாகக் குறைக்கக் கோரிப் போராடினார்கள். சம்பளத்தைப் பற்றியல்ல, உடல் தாங்கும் அளவைப் பற்றிய போராட்டம் அது. அந்தக் கேள்வியைப் பட்டியலின் முதல் வரிக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறேன். சம்பளம் உயர்ந்து பதினெட்டு படுக்கைகளும் அப்படியே இருந்தால், விலகல் சற்றுத் தள்ளிப்போகும், நிற்காது. நெறிமுறையாக மட்டும் உள்ள விகிதத்தை, மீறினால் தண்டனை என்ற சட்டமாக்கக் கோர வேண்டும்.

அதற்கு நம்மிடம் கணக்கு வேண்டும். சங்கம் உள்ள ஒவ்வொரு மருத்துவமனையிலும், ஒரு மாத காலத்துக்கு, இரவுப் பணி தொடங்கும் நேரத்தில் வார்டுவாரியாக நோயாளிகள் எத்தனை, செவிலியர் எத்தனை என்று எழுதிவைப்போம். விலகுவோரிடம் சங்கமே நேரில் காரணம் கேட்டுப் பதிவு செய்யட்டும். படிவத்தின் மாதிரியை எடுத்து வந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் பாருங்கள், திருத்தங்களைச் சொல்லுங்கள்.