இரவு பத்து மணிக்கு வந்த எட்டுப் பக்கம்

(தோட்டத் தலைவர், தலைவிமார் வகுப்பில் நிகழ்த்திய உரை)



அமெரிக்காவில் நடந்த ஒரு வாக்கெடுப்பைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அது நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நமக்குக் காய்ச்சல் வந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். மருந்து இல்லை, அம்புலன்ஸ் வரவில்லை என்று சண்டை பிடிக்கிறோம். ஆனால் வாசலில் யாரும் பில் நீட்டுவதில்லை. அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கே காப்புறுதி இல்லாதவர் படுத்தால் கடன்காரராகத்தான் எழும்புவார். 2010இல் ஜனாதிபதி ஒபாமா கொண்டுவந்த சட்டத்தால் பல மில்லியன் பேர் புதிதாகக் காப்புறுதி பெற்றார்கள். ஏற்கெனவே நோயுள்ளவரைக் காப்புறுதிக் கம்பனி தள்ளிவிட முடியாது என்றும் ஆனது.

2017இல் குடியரசுக் கட்சிக்காரர் அந்தச் சட்டத்தை எடுத்துவிட அவசரப்பட்டார்கள். அவர்களில் ஒருவர்தான் அரிசோனா செனட்டர் ஜோன் மெக்கெய்ன். அவர் தொழிலாளர் பக்கத்து ஆள் இல்லை. ஒபாமாவின் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர். அந்த ஜூலையில் அவருக்கு மூளையில் புற்றுநோய் என்று தெரிய வந்தது. சத்திர சிகிச்சைத் தழும்போடு 25ஆம் திகதி சபைக்கு வந்தார். விவாதத்தைத் தொடங்கலாம் என்று வாக்களித்துவிட்டுப் பேசினார். மூடிய அறையில் எழுதிக்கொண்டு வந்து உறுப்பினர் தலையில் கட்டுவது சரியில்லை, குழுவுக்கு அனுப்புங்கள், விசாரணை வையுங்கள், மற்றக் கட்சியையும் கேளுங்கள் என்றார். ஒபாமா தரப்பு தனியாகத் தள்ளிக்கொண்டு போனது பிழை என்றால், நாமும் அதையே செய்யலாமா என்றும் கேட்டார்.

யார் கேட்டார்கள்? 27ஆம் திகதி இரவு பத்து மணியளவில் புதிய சட்டமூலம் வெளியே வந்தது. எட்டே பக்கம். அது நிறைவேறினால் 2026இல் காப்புறுதி இல்லாதோர் மேலும் 16 மில்லியன் பேர் என்று காங்கிரசின் சொந்தக் கணக்கு அலுவலகமே சொன்னது. வேடிக்கை என்னவென்றால், ஆதரித்து வாக்களிக்க இருந்தவர்களில் சிலரே, இது இப்படியே சட்டமாகாது என்று மற்றச் சபையிடம் உத்தரவாதம் கேட்டார்கள். தாங்களே நம்பாத கடதாசிக்குக் கை தூக்கப் போனார்கள்!

நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணியளவில் மெக்கெய்ன் முன்னால் வந்து, கட்டை விரலைக் கீழே காட்டி “இல்லை” என்றார். 49க்கு 51. சட்டமூலம் விழுந்தது. எல்லோரும் அவரைத்தான் பேசுகிறார்கள். அதே கட்சியின் சூசன் கொலின்ஸ், லீசா முர்கௌஸ்கி என்ற இரண்டு பெண்களும் எதிர்த்தார்கள். அவர்கள் விவாதம் தொடங்கவே சம்மதிக்காதவர்கள். அந்த இரண்டு வாக்கும் இல்லாவிட்டால் அவருடைய விரலால் ஒன்றும் ஆகியிராது.

செப்டெம்பரில் அவருடைய நெருங்கிய நண்பர் லிண்ட்சி கிரஹம் இன்னொரு சட்டமூலத்தோடு வந்தார். மாத முடிவுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். அதனால் யாருக்கு எவ்வளவு நட்டம் என்ற முழுக் கணக்கும் வரவில்லை. நண்பர் என்றும் பார்க்காமல் மெக்கெய்ன் மறுத்தார். அது வாக்கெடுப்புக்கே வரவில்லை.

இனி நம் விஷயம். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து மருத்துவ உதவி நிதி தொடங்கலாம் என்று நம் சங்கமே ஒரு வரைவு தயாரித்திருக்கிறது. இன்றைக்கே நிறைவேற்றுவோம் என்று மேடையில் சிலர் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். கோபித்தார்கள், பரவாயில்லை. தமிழ்ப் பிரதி உங்கள் கையில் இருக்கிறது. லயத்துக்குக் கொண்டுபோய், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். வேலை நின்றவருக்கு என்ன கிடைக்கும், பிரசவத்துக்கு உண்டா, பிடித்த காசுக்கு யார் கணக்குக் காட்டுவது என்று அவர்கள் கேட்பதை எழுதிக்கொண்டு வாருங்கள். வாக்கெடுப்பு அடுத்த மாதக் கூட்டத்தில்.