ஓவியத்தில் நின்ற நண்பகல்



காலத்திற்கு இரு போக்குகள் உண்டு. ஒன்று சுழல்வது, மற்றொன்று திரும்பாமற் செல்வது. கோடை போனால் மறுகோடை வரும். போன மனிதர் வருவதில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணச் செய்வது, மூத்த பீட்டர் புரூகல் 1565-ஆம் ஆண்டில் வரைந்த 'அறுவடை செய்வோர்' என்னும் ஓவியம்.

ஆண்ட்வெர்ப் நகரத்துச் செல்வர் நிக்லாஸ் யோங்கலிங்க் தம் மாளிகைக்கென ஆண்டின் பருவங்களை வரைவித்தார். இரு திங்களுக்கு ஓர் ஓவியமாக ஆறு ஓவியங்கள் என்பது ஆய்வாளர் பலரின் கொள்கை. ஆறு பெரும்பொழுது கண்ட தமிழ் மரபினர்க்கு இப்பகுப்பு அயலானதன்று.

கோடைக்குரிய இவ்வோவியத்தில் முற்றிய கோதுமை பொன்னிறமாய் விரிகிறது. ஒருபால் ஆடவர் நீண்ட பிடியுடைய அரிவாளால் கதிரறுக்கின்றனர், பெண்டிர் கட்டுகின்றனர். மறுபால் பேரிக்காய் மரத்தடியில் சிலர் கூடியமர்ந்து உண்கின்றனர். மரத்தடியிலேயே ஒருவன் கால் பரப்பி உறங்குகிறான். தொலைவில், வெயில் மங்கலில், கப்பல்கள் தெரிகின்றன. உழைப்பை வரைந்தோர் முன்னரும் உண்டு. உழைப்பவனின் அயர்வுக்கும் இத்துணை இடம் அளித்ததே புரூகலின் பெருமை.

அந்த அமைதி நாட்டில் நீடிக்கவில்லை. 1566-இல் யோங்கலிங்க், பிறரொருவரின் கடனுக்குப் பிணையாகத் தம்மிடமிருந்த புரூகலின் ஓவியங்களை நகராட்சிக்கு ஈடு வைத்தார். அவ்வாண்டே தேவாலயங்களின் திருவுருவங்கள் உடைக்கப்பட்டன. 1568-இல் மூண்ட போர் 1648 வரை நீண்டது. 1569-இல் புரூகல் மறைந்தார்.

பருவங்களும் பிரிந்தன. மூன்று ஓவியங்கள் வியன்னாவிலும் ஒன்று பிராக் நகரிலும் உள்ளன. 'அறுவடை செய்வோர்' 1919-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தை அடைந்தது. தொலைந்தது இளவேனில் ஓவியம் என்பர். வயலில் இளவேனில் ஆண்டுதோறும் மீள்கிறது. புரூகலின் இளவேனிலோ போனது போனதே. சுழலும் காலத்தைப் பாடிய ஓவியத்தொகுதியே திரும்பாக் காலத்திற்கு இரையாயிற்று.

எனினும், வரைவித்த செல்வரைவிட, மூண்ட போரைவிட, பெயரறியா அந்த உழவனின் உறக்கம் நெடிது நிலைத்திருக்கிறது. நானூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் அவனை எவரும் எழுப்பவில்லை. மன்னர்களின் ஆண்டுகளை எண்ணுவது வரலாறு. பெயரற்றோரின் ஒரு நண்பகலையேனும் காப்பது கலை.