வால்வைக் கழட்டினேன், இழுவை போச்சு

பாரிவாக்கம் சிக்னல்ல என் பழைய யமஹா ஆர்1 எஞ்சின் லைட் போட்டுச்சு. சைலன்சர் குழாய்க்குள்ள இருக்கிற எக்ஸப் வால்வு துருப்பிடிச்சு இறுகியிருந்தது. 1989 எஃப்இசட்ஆர்1000-லயே வந்த விஷயம்தான் இது. ஆர்பிஎம் கம்மியா இருக்கும்போது குழாயைப் பாதி மூடி இழுவையைக் காப்பாத்தும்; ஏற ஏறத் திறந்துவிடும்.

"கழட்டி வீசு தம்பி"ன்னாங்க. வால்வைத் திறந்த நிலையில நிறுத்தி, கேபிளை எடுத்துட்டு, சர்வோ மோட்டாருக்குப் பதிலா எலிமினேட்டர் மாட்டினேன். லைட் அணைஞ்சது. ஆனா ஆவடி ரோட்டு நெரிசல்ல கிளட்ச்சைப் பிடிச்சே கை செத்துப்போச்சு. சத்தம் மட்டும் கூடுச்சு.

பத்தே நாள்ல பழையபடி மாட்டிட்டேன். அதனால, மழைக்காலம் முடிஞ்சதும் வண்டி ஆறின பிறகு, கேபிளைத் தளர்த்தி வால்வைக் கையால சுத்திப் பாருங்க. இறுகியிருந்தா துருவை எடுத்து, சூடு தாங்குற கிரீஸ் போடுங்க. கழட்டுறது கடைசி வழி!